வீட்டில் ஒருவருக்கு ‘கரண்ட்’ வைக்கிறார்கள், இன்னொருவர் மாசமாக இருக்கிறார்: நாம் செய்யும் தவறுகள்

அப்பாவுக்குத் தொண்டையில் புற்றுநோய் என்று தெரிந்தபோது எனக்கு ஐந்தாவது மாதம். ஏழாம் மாதம் வளைகாப்பு போட்டு அம்மா வீட்டுக்கு அழைத்துப் போவதாக ஏற்பாடு, சரியாக அதே வாரங்களில்தான் அப்பாவுக்கு 33 நாள் கரண்ட் என்று தேதி கொடுத்தார்கள். எங்கள் பக்கம் ரேடியேஷனை யாரும் ரேடியேஷன் என்று சொல்வதில்லை, “கரண்ட் வைக்கிறாங்க” என்றுதான். உடனே வீட்டில் பஞ்சாயத்து. “மாசமா இருக்கிற பொண்ணு அந்த வாசப்படியே மிதிக்கக் கூடாது” என்றார் பெரியம்மா. மாடி அறையில் அப்பாவைத் தனியாகப் போட்டுவிடலாம் என்றார் அத்தை. அப்பா எதுவும் பேசவில்லை, தன் தட்டையும் டம்ளரையும் தானே எடுத்துத் தனியாக வைத்துக்கொண்டார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஒரு மாதம் முன்னால் அவருக்கு பெட் ஸ்கேன் (கதிரியக்க மருந்தை ஊசியில் ஏற்றி எடுக்கும் ஸ்கேன்) எடுத்துவிட்டுத் திரும்பிய அன்று மூன்று மணி நேரம் காரில் அவர் தலை என் தோளில்தான் இருந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை, ஸ்கேன்தானே என்று விட்டுவிட்டார்கள். தள்ளி உட்கார்ந்திருக்க வேண்டிய நாள் உண்மையில் அதுதான். கரண்ட் வைத்த 33 நாளில் ஒரு நாள்கூட அவரை விட்டு நான் விலகியிருக்கத் தேவையே இல்லை.

நாம் செய்யும் தவறுகளில் பாதி இந்தக் குழப்பத்திலிருந்துதான் வருகின்றன. கதிர்வீச்சு என்ற ஒரே சொல்லுக்குள் முற்றிலும் வேறுவேறான நாலைந்து சிகிச்சைகளைப் போட்டுக் கட்டிவிடுகிறோம். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: கதிரை வீசும் பொருள் நோயாளியின் உடம்புக்குள் தங்கியிருக்கிறதா, தங்கினால் எத்தனை நாளைக்கு?

வெளியிலிருந்து மெஷினில் வைக்கும் கரண்டில் எதுவும் தங்குவதில்லை. லீனியர் ஆக்சிலரேட்டர் என்ற பெரிய மெஷின் மின்சாரத்தில்தான் கதிரை உண்டாக்குகிறது, சுவிட்சை அணைத்தால் கதிர் அந்த நொடியே போய்விடும். டியூப்லைட்டை அணைத்த பிறகு உங்கள் சட்டையில் வெளிச்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்ன? அந்த வகையில் “கரண்ட்” என்ற நம் ஊர்ப் பேச்சு ரொம்பப் பொருத்தமான பேச்சு. கோபால்ட் மெஷினில் கதிரியக்கப் பொருள் இருப்பது உண்மைதான், ஆனால் அது மெஷினின் தலைக்குள்ளேயே கவசத்துக்குள் இருக்கிறது, நோயாளியோடு வீட்டுக்கு வருவதில்லை. அவரைத் தொடலாம், கட்டிப்பிடிக்கலாம், ஒரே அறையில் தூங்கலாம், அவர் துணியைச் சேர்த்துத் துவைக்கலாம். அவருடைய எச்சிலிலோ வியர்வையிலோ கதிர் கிடையாது. மெஷின் ஓடும்போது அந்த அறைக்குள் கர்ப்பிணி மட்டுமில்லை, யாருமே போகக் கூடாது, போக விடவும் மாட்டார்கள். வெளியே வராண்டாவில் காத்திருப்பதில் தப்பில்லை, நடுவே இருக்கும் கான்கிரீட் சுவரின் கனமே அதற்காகக் கணக்குப் போட்டுக் கட்டியதுதான்.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு “உள் கரண்ட்” வைப்பார்களே, அதைப் பார்த்துப் பலர் மிரளுகிறார்கள். இப்போது பெரும்பாலும் இரிடியம் அல்லது கோபால்ட் துண்டு ஒன்று குழாய் வழியாக உள்ளே போய், சில நிமிடங்கள் இருந்து, மெஷினுக்கே திரும்பிவிடும். அந்த அம்மா எழுந்து வெளியே வரும்போது உள்ளே எதுவும் இல்லை. மருமகள் மாசமாக இருக்கிறாள் என்று அவரை லாட்ஜில் தங்கவைத்த குடும்பத்தை எனக்குத் தெரியும். பாவம், தேவையே இல்லாத தண்டனை.

இதைவிட மோசமான தவறு ஒன்று உண்டு, குழந்தை பிறக்கட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சிகிச்சையைத் தள்ளிப்போடுவது, அல்லது வளைகாப்புக்காக நடுவில் ஒரு வாரம் லீவு எடுப்பது. எங்கள் வீட்டிலும் அந்தப் பேச்சு வந்தது. வாரத்துக்கு ஐந்து நாள், சனி ஞாயிறு விடுமுறை என்ற கணக்கு சும்மா வைத்ததில்லை, இடைவெளி விழுந்தால் மிச்சமிருக்கும் புற்றுநோய்ச் செல்கள் அந்த நேரத்தில் பெருகிவிடும். தொண்டை, வாய், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்களில் இது நிச்சயமாகப் பலனைக் குறைக்கும். வளைகாப்பை ஞாயிற்றுக்கிழமை வையுங்கள், அவ்வளவுதான்.

சரி, உண்மையாகவே கவனம் வேண்டிய இடங்களுக்கு வருவோம்.

முதலில் தைராய்டு. தைராய்டு புற்றுநோய் ஆண்களைவிடப் பெண்களுக்குத்தான் அதிகம், அதுவும் இளவயதிலேயே வரும், அதனால் ஒரே வீட்டில் அக்காவுக்கு அயோடின் சிகிச்சையும் தங்கைக்குப் பிரசவமும் ஒன்றாக வருவது அபூர்வம் இல்லை. அறுவை சிகிச்சைக்குப் பிறகு அயோடின்-131 என்ற கதிரியக்க மருந்தை மாத்திரையாகவோ திரவமாகவோ விழுங்கக் கொடுப்பார்கள். இங்கே மெஷின் எதுவும் இல்லை, அந்த ஆள்தான் சில நாட்களுக்கு மெஷின். உடம்பிலிருந்து காமா கதிர் வெளியே வரும், சிறுநீர், எச்சில், வியர்வை எல்லாவற்றிலும் மருந்து இருக்கும். அதனால்தான் அளவு அதிகமாக இருந்தால் ஆஸ்பத்திரியில் தனி அறையில் வைத்து, மீட்டரால் அளந்து பார்த்த பிறகே அனுப்புகிறார்கள். “அனுப்பிட்டாங்க, அப்போ எல்லாம் சரியாப் போச்சு” என்று நினைப்பதுதான் பெரிய தவறு. மற்றவர்களுக்குப் பாதகமில்லாத அளவுக்குக் குறைந்துவிட்டது என்றுதான் அதற்கு அர்த்தம், மிச்சம் இன்னும் உள்ளே இருக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு. வீட்டுக்கு வந்த நாளில் ஒருவரிடமிருந்து ஒரு மீட்டர் தள்ளி மணிக்கு 50 மைக்ரோசீவெர்ட் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள் (சீவெர்ட் என்பது உடம்பு வாங்கும் கதிரின் அளவு, ஆயிரம் மைக்ரோ சேர்ந்தால் ஒரு மில்லி). அது குறையாமல் அப்படியே இருந்தால், 20 மணி நேரம் அந்தத் தூரத்தில் இருப்பவருக்கு 1 மில்லிசீவெர்ட் சேரும். பொதுமக்களுக்கு ஒரு வருஷத்துக்கான வரம்பே அவ்வளவுதான். பத்து நிமிடம் வாசலில் நின்று “எப்படி இருக்கே” என்று கேட்டால் ஒன்றுமில்லை, ஆனால் பக்கத்தில் ஒரே பாயில் மூன்று இரவு படுத்தால் கணக்கு வேறு மாதிரி ஆகிவிடும். தூரம்தான் இங்கே மலிவான மருந்து: ஓர் அடியிலிருந்து மூன்று அடிக்கு நகர்ந்தால் கதிர் கிட்டத்தட்ட ஒன்பதில் ஒரு பங்காகும், ஆறு அடிக்கு நகர்ந்தால் 36இல் ஒரு பங்கு.

கர்ப்பிணிக்கு மட்டும் ஏன் இவ்வளவு கண்டிப்பு என்றால், பத்துப் பன்னிரண்டு வாரத்திலிருந்து வயிற்றிலிருக்கும் குழந்தையின் தைராய்டு அயோடினை இழுக்க ஆரம்பித்துவிடும். எச்சில் பட்ட டம்ளர், சரியாகத் தண்ணீர் ஊற்றாத கழிப்பறை வழியாக மருந்து அம்மாவின் உடம்புக்குள் போனால் குழந்தையும் அதை எடுத்துக்கொள்ளும். ஆகவே அக்கா சாப்பிட்ட மிச்சத்தைத் தங்கை சாப்பிடுவது, அவர் கையால் சப்பாத்தி மாவு பிசைவது, உருண்டை பிடித்து ஊட்டுவது எல்லாம் அந்த நாட்களில் வேண்டாம். வீட்டில் ஒரே கழிப்பறைதான் என்றால் இரண்டு மூன்று தடவை நிறையத் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள், ஆணாக இருந்தாலும் உட்கார்ந்தே சிறுநீர் கழிக்க வேண்டும், கையை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், துணியையும் படுக்கை விரிப்பையும் தனியாகத் துவைக்க வேண்டும். முடிந்தால் இரண்டு பேரில் ஒருவர் வேறு வீட்டில் இருந்துவிடுவது எல்லாவற்றையும்விடச் சுலபம். எத்தனை நாள் என்பது கொடுத்த அளவைப் பொறுத்தது, அதிக அளவு என்றால் கர்ப்பிணியோடும் சின்னக் குழந்தையோடும் ஒரே படுக்கையில் தூங்காமல் இருக்க மூன்று வாரம் வரைகூடச் சொல்வார்கள். டிஸ்சார்ஜ் ஆகும்போது அழைத்து வர மாசமாக இருப்பவர் போக வேண்டாம், பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட்டில் ராத்திரி முழுக்க வருவது இன்னும் வேண்டாம்.

இதற்கு எதிர்ப்பக்கத் தவறும் நடக்கிறது. மூன்று மாதம், நான்கு மாதம் ஆன பிறகும் அந்தப் பெண்ணை விசேஷங்களுக்குக் கூப்பிடாமல் இருப்பார்கள். அயோடின்-131 எட்டு நாளைக்கு ஒரு தடவை பாதியாகக் குறையும், 80 நாளில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும், அதிலும் பெரும்பகுதி முதல் சில நாட்களிலேயே சிறுநீரில் வெளியேறியிருக்கும்.

சிகிச்சை எடுப்பவரே குழந்தை பெறும் வயதில் இருந்தால் கணக்கு தனி. அயோடின் கொடுக்கும் முன் கர்ப்பம் இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும், அதன்பின் ஆறு மாதமாவது கர்ப்பம் தரிக்கக் கூடாது. பால் கொடுக்கும் தாய் என்றால் சிகிச்சைக்குச் சுமார் ஆறு வாரம் முன்பே நிறுத்தியாக வேண்டும், அந்தக் குழந்தைக்குத் திரும்பக் கொடுக்க முடியாது. அடுத்த குழந்தைக்குத் தாராளமாகக் கொடுக்கலாம்.

பெட் ஸ்கேன் ஊசி மருந்து இன்னும் சீக்கிரம் அடங்கும், 110 நிமிடத்துக்கு ஒரு முறை பாதியாகும். அன்றைய பொழுது மட்டும் கர்ப்பிணி ஆறு அடி தள்ளி இருந்தால் போதும், மறுநாள் காலை ஒன்றும் இருக்காது. எலும்புக்கு எடுக்கும் போன் ஸ்கேனும் அப்படித்தான், அந்த மருந்து பாதியாக ஆறு மணி நேரம் ஆகும், ஒரு நாள் போதும். அன்று என் தோளில் அப்பா தூங்கியதால் குழந்தைக்கு ஏதாவது ஆகியிருக்குமா என்று பின்னால் தெரிந்து நான் பதறினேன், அந்த அளவு மிகச் சின்னது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் தூக்கம் வந்தது. தவிர்த்திருக்கலாம் என்பதுதான் விஷயம், காரின் முன் சீட் காலியாகத்தான் இருந்தது.

புராஸ்டேட் புற்றுநோய்க்கு அயோடின்-125 ‘விதை’களை, அதாவது கதிரியக்கப் பொருள் அடங்கிய சின்னத் துண்டுகளை, உள்ளேயே நிரந்தரமாக வைக்கும் முறை ஒன்று உண்டு. அதன் கதிர் பலவீனமானது, ஆனால் பாதியாகவே இரண்டு மாதம் ஆகும், அதனால் அந்த இரண்டு மாதம் தாத்தா பக்கத்தில் கர்ப்பிணி ஒட்டி உட்கார வேண்டாம், பேரப்பிள்ளையை மடியில் வைத்துக் கொஞ்சவும் வேண்டாம். லுட்டீசியம் என்ற கதிரியக்க மருந்தை ஊசியில் போட்டவர்களுக்கு ஆஸ்பத்திரியில் தனியாக நாள் கணக்கு எழுதிக் கொடுப்பார்கள், அதை அப்படியே கடைப்பிடியுங்கள்.

ஆன்லைனில் “கதிர்வீச்சைத் தடுக்கும்” கர்ப்பகால உடை விற்கிறார்கள், வாங்கிப் பணத்தை வீணாக்காதீர்கள். எக்ஸ்ரே அறையில் மாட்டும் ஈய ஏப்ரனே அயோடின்-131இன் காமா கதிரைப் பெரிதாகத் தடுக்காது, துணி என்ன செய்யும்? நாலடி தள்ளி உட்காருவது அதைவிட மேல்.

இப்போது நான் நிஜமாகச் செய்த தவறு. அப்பாவுக்குக் கரண்டோடு சேர்த்து வாரம் ஒரு முறை சிஸ்பிளாட்டின் என்ற கீமோவும் ஏற்றினார்கள். ஏற்றிய அன்று இரவு அவர் வாந்தி எடுத்தபோது அம்மா தூங்கிக்கொண்டிருந்தார், நான்தான் வெறும் கையோடு துடைத்தேன். கதிரைப் பற்றி அவ்வளவு பயந்த வீட்டில் இதைப் பற்றி ஒருவருக்கும் பயமில்லை. கீமோ ஏற்றிய பிறகு குறைந்தது 48 மணி நேரம் வாந்தி, சிறுநீர், மலம் எல்லாவற்றிலும் மருந்து இருக்கும், கர்ப்பிணி அதைத் தொடவே கூடாது, வேறு ஆள் இல்லையென்றால் கையுறை போட்டுத்தான். மூக்கில் குழாய் வைத்த நோயாளிக்கு மாத்திரையைப் பொடி செய்து கொடுக்கும் வேலையும் கர்ப்பிணி கையில் வர வேண்டாம், அதில் எது கீமோ மாத்திரை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்காது. அப்புறம், எதிர்ப்பு சக்தி குறைந்த நோயாளிக்கு அக்கி (சின்னம்மைக் கிருமியாலேயே வருவது) வந்தால், இதுவரை சின்னம்மை வராத கர்ப்பிணி விலகி இருக்க வேண்டும். இது கதிரை விட நிஜமான ஆபத்து.

இன்னொன்று நம் வழக்கத்திலேயே இருக்கிறது: மூன்று மாதம் முடியும் வரை யாரிடமும் சொல்லாமல் இருப்பது. உறவுக்காரர்களிடம் சொல்ல வேண்டாம், சரி. ஆனால் நோயாளிக்குத் துணையாகப் போகிறவர் நாள் தள்ளிப்போயிருந்தால்கூட அங்கிருக்கும் நர்ஸிடம் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் “இவரைக் கொஞ்சம் பிடிச்சுக்கோங்க” என்று ஸ்கேன் அறைக்குள் கூப்பிடுவார்கள், நீங்களும் போய்விடுவீர்கள்.

தெரியாமல் பக்கத்தில் இருந்துவிட்டால், ஐயோ என்று கலைக்க ஓடாதீர்கள். 1986இல் செர்னோபில் விபத்து நடந்தபோது, தூரத்தில் சொற்ப அளவே கதிர் வந்த ஐரோப்பிய நாடுகளில்கூடப் பயத்தில் பல பெண்கள் கருவைக் கலைத்தார்கள், அவற்றுக்கு மருத்துவக் காரணம் எதுவும் இல்லை. குழந்தைக்கு ஊனம் வரும் என்று சொல்வதற்கு 100 மில்லிசீவெர்ட்டாவது தாண்ட வேண்டும், நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு அந்த அளவெல்லாம் சேராது. என்ன மருந்து, எத்தனை மில்லிகியூரி (கொடுத்த கதிரியக்க மருந்தின் அளவு), எந்தத் தேதி, எத்தனை மணி நேரம், எவ்வளவு தூரம் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். இந்தச் சிகிச்சை தரும் ஆஸ்பத்திரிகளில் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர் என்று ஒருவர் இருப்பார், அவரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். டாக்டருக்கு நேரமில்லாவிட்டாலும் அவர் உட்கார்ந்து கணக்குப் போட்டுச் சொல்வார். எங்களுக்கு அவர் ஒரு பழைய ஸ்கேன் கவரின் பின்பக்கத்தில்தான் போட்டுக் காட்டினார், அதைப் பெரியம்மாவிடம் காட்டிய பிறகுதான் அப்பாவின் தட்டு மறுபடி எங்கள் தட்டுகளோடு அலமாரிக்கு வந்தது.