தோசைக்குத் திரும்பும் கடைகள் எங்கே சறுக்குகின்றன?

கண்டியில் ஒரு தோசைக் கடை பெயர் எடுக்கும். அப்புறம் ஹட்டனில் ஒரு கிளை, நுவரெலியாவில் ஒரு கிளை. கிளை கூடக் கூட ஃப்ரைட் ரைஸ், கொத்து, நூடுல்ஸ் என்று போர்டும் நீளும். நட்டம் கையைக் கடித்ததும் முதலாளி, "சரி, பழையபடி தோசைக்கே போவோம்" என்பார். முடிவு நல்லதுதான். 1948இல் கலிபோர்னியாவில் மெக்டொனால்ட் சகோதரர்கள், நன்றாக ஓடிய கடையையே மூடிவைத்து, ஒன்பதே ஐட்டங்களோடு 15 சத ஹாம்பேர்கரை நம்பித் திரும்பவும் திறந்தார்கள். ஆனால் அதற்கு முன் குசினியை அந்த வேலைக்கென்றே மாற்றிக் கட்டினார்கள். நம்மவர்கள் கோட்டை விடுவது அங்கேதான். ஃப்ரைட் ரைஸ் போன பிறகும் அந்தப் பெரிய அடுப்புகள் நடுவில் கிடக்கும். தோசைக்கல் ஒன்றே ஒன்று, மூலையில். காலையில் பஸ் பிடிக்க ஓடுகிறவர் எவ்வளவு நேரம் காத்திருப்பார்?

அடுத்தது மாவு. எல்லாக் கிளைக்கும் ஒரே ருசி வேண்டுமென்று கண்டியில் மொத்தமாக அரைத்து லொறியில் ஏற்றுவார்கள். கண்டி ஏறத்தாழ 500 மீற்றர் உயரம், நுவரெலியா 1,868. கண்டியில் ஒரே இரவில் பொங்கி நிற்கிற மாவு, நுவரெலியாக் குளிரில் விடிந்தும் அசையாமல் கிடக்கும். புளித்த மாவை அனுப்பினாலோ, ரம்பொடை வளைவுகளில் வாளி குலுங்கி, பொங்கியதெல்லாம் அமுங்கிவிடும். என் கணக்கில், உளுந்தையும் அரிசியையும் அனுப்பிவிட்டு அந்தந்த ஊரிலேயே அரைப்பதுதான் சரி. நுவரெலியாவில் முந்தின நாள் மத்தியானமே அரைத்து, அடுப்பின் சூடு படுகிற இடத்தில் வைக்க வேண்டும். சாம்பாருக்கும் இதே கதை: அங்கே தண்ணீர் கிட்டத்தட்ட 94 பாகையிலேயே கொதித்துவிடும். பருப்பு வேக நேரம் பிடிக்கும், காஸ் கூடச் செலவாகும். பிரஷர் குக்கர் இல்லாமல் அங்கே சாம்பார் வைப்பது வீண் செலவு.

எதை நிறுத்துவது என்பதை மொத்த விற்பனையைப் பார்த்து முடிவு செய்வது இன்னொரு தவறு. ஃப்ரைட் ரைஸ் பில்லில் பெரிதாகத் தெரியும். அதற்கென்றே வாங்கி வாடிப்போகும் மரக்கறியும், கடலோரத்திலிருந்து ஐஸில் ஏறி வரும் இறாலும் அந்தப் பில்லில் தெரியாது. வேறு எதற்கும் உதவாத சாமான் தேவைப்படுகிறவற்றை முதலில் தூக்குங்கள். அதற்காக வடையிலும் பிளேன்டீயிலும் கை வைக்க வேண்டாம். உளுந்து எப்படியும் கடையில் இருக்கிறது. ஹட்டனில், சிவனொளிபாதமலைப் பருவத்தில் விடியற்காலை இறங்குகிற கூட்டம் முதலில் கேட்பது சுடச்சுட ஒரு டீயைத்தான்.

மெனுவைக் குறைக்கும் அதே வாரத்தில் விலையைக் கூட்டுவதும் தோசையைச் சின்னதாக்குவதும் வேண்டாம். கடை நொடித்துவிட்டது என்றே ஊர் பேசும்.

வெளியே தொங்கும் பழைய போர்டையும் கழற்றிவிடுங்கள். அதைப் பார்த்து உள்ளே வந்தவரிடம் வெயிட்டர் நாலு தடவை "முடிஞ்சிருச்சு" என்று சொன்னால், அவர் தோசை கேட்காமலே எழுந்து போய்விடுவார்.