நியூஸ் வாசிக்க ஆசப்படுற தோட்டத்து தங்கச்சிமாருக்கு

ஏஎல் பரீட்ச எழுதிட்டு தேயில தோட்டத்து லயத்துல (வரிசை வீட்டுல) இருக்குற பொண்ணுங்க, டிவியில நியூஸ் வாசிக்கிற எங்கிட்ட கேக்குறது, அக்கா டிவியில நியூஸ் வாசிக்க எப்டி போறது, கலரா இருக்கணுமா, கொழும்பு தமிழ் பேசணுமான்னு. ரெண்டும் வேணாம். வாசிக்கிறதுக்கு முன்னாடி செய்தி எடுக்க பழகுங்க, மொகத்த மட்டும் நம்பி போனா இன்னொரு மொகம் வந்த ஒடனே ஒங்கள மாத்திருவாங்க, செய்தி எடுக்க தெரிஞ்சவள அப்டி சுலபமா தூக்க முடியாது.

தெனம் பேப்பர்ல ஒரு செய்திய சத்தமா வாசிச்சி போன்ல ரெக்கார்ட் பண்ணி கேளுங்க. மழையும் மலையும் ஒன்னா கேட்டா நுவரெலியா செய்தியே மாறிப்போகும். வாசிக்க வேண்டிய வரிய ஓட்டிக் காட்டுற திரை, அதான் ப்ராம்ப்டர், அது முன்னாடி ஒக்காந்தா வாய் ஒரு வரியில இருக்கயில கண்ணு அடுத்த வரிக்கு போயிருக்கணும், அதுவும் இப்டி வாசிச்சே தான் வரும். சிங்களம் கட்டாயம் படிங்க, அறிவிப்பு நெறைய சிங்களத்துல தான் வரும், கேட்ட கையோட தமிழ்ல எழுத தெரியணும். முறையா படிக்கணும்னா கொழும்புல இலங்கை இதழியல் கல்லூரி இருக்கு, தமிழ்லயே டிப்ளோமா செய்யலாம்.

நம்ம பக்கம் ரொம்ப கவனமா செய்ய வேண்டியது மண்சரிவு செய்தி. 2014 ஒக்டோபர்ல மீரியபெத்த லயங்கள மண்ணு மூடுனத யாரும் மறக்கல, மழைக்கு டிவி முன்னாடி ஒக்காந்திருக்குற சனம் பயத்தோட தான் பாக்குது. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரிக்கைய 3 கட்டமா குடுக்கும், சிவப்புன்னா வீட்ட விட்டு வெளியேறணும், அத எந்த எடத்துக்குன்னு மொதல்ல சொல்லிட்டு தான் மத்தது. நான் புதுசுல ஒரு சரிவு செய்தியில தோட்டத்து பேர மட்டும் வாசிச்சிட்டேன், தோட்டத்துக்குள்ள எந்த பிரிவுன்னு டிவிசன் பேர சொல்லல, அன்னைக்கி ராத்திரி பூரா கொழும்புல கடையில வேலை செய்ற நம்ம புள்ளைங்க, மேப்பிரிவா கீழ்ப்பிரிவா, எங்கம்மா இருக்குற லயமான்னு போன் அடிச்சி அழுதுச்சுங்க. அதுல இருந்து டிவிசன் பேரு இல்லாத செய்திய நான் வாசிக்கிறதே இல்ல, திருப்பி அனுப்பிருவேன்.

சம்பள செய்தியும் அப்டித்தான். கொழுந்து கிலோ கொறஞ்சா அரைப்பேரு, அதாவது அரை நாள் சம்பளம் மட்டும் போடுறாங்களே, அது என்னான்னு நியூஸ் டெஸ்க்ல இருக்குறவங்களுக்கு தெரியாது, அமைச்சர் சொன்னத மட்டும் போடுவாங்க. நீங்க ஒரு கொழுந்தெடுக்குற அம்மாவோட சம்பள துண்ட வாங்கி, எத்தன நாள் பேரு, எவ்ளோ வெட்டு, கையில எவ்ளோன்னு கணக்கோட எழுதி குடுங்க.

வேலைக்கி சேர்றப்போ ஒன்னு கேக்க மறக்காதீங்க, ராத்திரி நியூஸ் முடிஞ்சா போர்டிங் வரைக்கும் வாகனம் தருவாங்களான்னு. வாயால சொன்னா போதாது, கடிதத்துல எழுதி வாங்குங்க.