மேடிசனுக்குக் குடிபோகுமுன்: சைக்கிள் ஊர் என்று நம்பிப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

விஸ்கான்சின் மாநிலத் தலைநகர் மேடிசனில் வேலை கிடைத்திருக்கிறது. ஊரும் சைக்கிளுக்குப் பேர்போனது. போகலாமா? பலர் தரப்பட்டியலைப் பார்த்துவிட்டு உடனே சரி சொல்லிவிடுகிறார்கள். அமெரிக்க சைக்கிள் ஓட்டிகளின் தேசியச் சங்கம் 2015-ல் மேடிசனுக்குப் பிளாட்டினம் தகுதி கொடுத்தது. அதற்கு முன் அந்தத் தகுதி டேவிஸ், போர்ட்லாந்து, போல்டர், ஃபோர்ட் காலின்ஸ் என்ற நான்கு ஊர்களுக்கு மட்டுமே இருந்தது. டிரெக் சைக்கிள் கம்பெனியின் தலைமையகம்கூடப் பக்கத்து வாட்டர்லூவில்தான் இருக்கிறது.

எல்லாம் உண்மைதான். ஆனால் இதே ஊரில், பிப்ரவரி மாதச் செவ்வாய்க்கிழமை காலை ஏழரைக்குக் கிளம்பும் ஒருவர் இருபது நிமிடத்தில் சைக்கிளில் ஆபீஸ் போய்ச் சேருவார். மூன்று மைல் தள்ளிக் குடியிருப்பவர் சைக்கிளைப் பேஸ்மெண்டில் பூட்டிவிட்டுக் கார் கண்ணாடியில் பனி சுரண்டிக்கொண்டிருப்பார். வீடு எடுத்தபோதே இருவருக்கும் வழி பிரிந்துவிட்டது.

ஜூலையில் வந்து பார்ப்பது

ஜூலையில் மேடிசன் மாப்பிள்ளை வேடத்தில் நிற்கும். எட்டரை மணி வரை வெளிச்சம், பகலில் 28 டிகிரி செல்சியஸ், சனிக்கிழமை காலையில் மாநிலச் சட்டமன்றக் கட்டடத்தைச் சுற்றி உழவர் சந்தை, மாலையில் மெண்டோட்டா ஏரிக்கரையில் பல்கலைக்கழக மாணவர் மன்றத்தின் வண்ண நாற்காலிகள். இதைப் பார்த்துவிட்டு முடிவெடுத்தவர் குடித்தனம் நடத்தப்போவது ஜனவரியோடு. அப்போது பகலிலேயே சராசரி மைனஸ் 3, இரவில் மைனஸ் 11 வரை இறங்கும். ஒரு குளிர்காலத்தில் ஏறத்தாழ 50 அங்குலம் பனி விழும். 2019 ஜனவரி 30 அன்று மைனஸ் 32 வரை போனது. டிசம்பரில் மாலை நாலரைக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுவதால், ஆபீஸ் விட்டு வருவது எப்போதும் இருட்டில்தான்.

பார்க்க வருவதென்றால் பிப்ரவரி இரண்டாம் பாதியில் வாருங்கள். கடுங்குளிரைவிட அந்த நேரத்தில் தொல்லை தருவது உருகி உறைவது. பகலில் உருகிய பனிநீர் சாலையோரம் ஓடி, இரவில் கண்ணுக்குத் தெரியாத கண்ணாடித் தகடாக இறுகிவிடும். வாடகை சைக்கிள் நிலையங்கள் குளிர்மாதங்களில் மூடியிருக்கும். அதனால் நீங்கள் எடுக்க நினைக்கும் வீட்டிலிருந்து ஆபீஸ் வரையான வழியில் கடைசி இரண்டு மைலையாவது வேலைநாள் காலையில் நடந்து பாருங்கள். பனி அள்ளும் வண்டி எங்கே போயிருக்கிறது, எங்கே போகவில்லை என்பது அரை மணி நேரத்தில் விளங்கிவிடும்.

“சைக்கிள் பாதை பக்கத்திலேயே” என்ற விளம்பரத்தை நம்புவது

அபார்ட்மெண்ட் விளம்பரத்தில் வரும் இந்த வாக்கியம் மூன்று வேறுவேறு பொருள்களைக் குறிக்கும். ஒன்று, சாலையிலிருந்து விலகித் தனியாக ஓடும் தார்ப்பாதை. கேபிடல் சிட்டி பாதை, சவுத்வெஸ்ட் பாதை இரண்டும் இந்த வகை. நகராட்சி இவற்றில் சீக்கிரமே பனி அள்ளிவிடும், பல நாள் பக்கத்துத் தெருவுக்கு முன்பே. இரண்டாவது, ஈஸ்ட் மிஃப்ளின், கெண்டால் போல, கார் போக்குவரத்தைக் குறைத்து சைக்கிளுக்கு முன்னுரிமை தந்த குடியிருப்புத் தெரு. மூன்றாவது, பெருஞ்சாலை ஓரத்தில் வெறும் வெள்ளைக்கோடு. கோடையில் மூன்றும் ஒன்றுபோலத் தெரியும். பனிக்காலத்தில் மூன்றாவது காணாமல் போய்விடும். அள்ளும் வண்டி சாலை நடுவிலிருந்து பனியைத் தள்ளிக் குவிக்கும் இடமே அந்த வெள்ளைக்கோடுதான்.

ஊரின் அமைப்பையும் மறந்துவிடக் கூடாது. மெண்டோட்டா, மொனோனா என்ற இரண்டு ஏரிகளுக்கு நடுவே ஒரு மைலுக்கும் குறைவாக ஒடுங்கிய பூசந்தியில் மேடிசனின் நடுப்பகுதி இருக்கிறது. கிழக்கே குடியிருந்து மேற்கே வேலைக்குப் போகிறவர் இந்தக் கழுத்து வழியாகத்தான் போக வேண்டும், சுற்றிப் போவதென்றால் ஏரியைச் சுற்ற வேண்டியதுதான். தெற்கே பெல்ட்லைன் நெடுஞ்சாலை மதில் மாதிரி குறுக்கே நிற்கிறது. சைக்கிள் அதைக் கடப்பதற்குள்ள மேம்பாலமும் சுரங்கவழியும் விரல்விட்டு எண்ணக்கூடியவை. வீட்டு முகவரி கையில் வந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, உங்கள் வழி பெல்ட்லைனை எந்த இடத்தில் கடக்கிறது என்று வரைபடத்தில் விரல் வைத்துப் பார்ப்பது. கடக்கும் இடம் ஆறுவழிச்சாலைச் சந்திப்பு சிக்னல் என்றால் வேறு வீடு பாருங்கள்.

தூரத்துக்கு ஒரு கணக்கு: பாதையின் பெரும்பகுதி தனிப்பாதையாக இருந்து ஐந்து மைலுக்குள் இருந்தால் வருடம் முழுக்க ஓட்டலாம். கோடையில் அரை மணி ஆகும் வழிக்கு, பனிக்கட்டியில் வழுக்காமலிருக்க ஆணி பதித்த டயரோடு, பனிக்காலத்தில் நாற்பது நிமிடம் வையுங்கள். உடுத்திக் களைய இன்னொரு பத்து நிமிடம்.

நகரத்தில் வீடு, வெரோனாவில் வேலை

மேடிசனுக்கு வரும் தமிழ்க் குடும்பங்களில் பல, மருத்துவமனை மென்பொருள் செய்யும் எபிக் நிறுவனத்தின் வேலைக்கு வருபவை. அந்த வளாகம் இருப்பது மேடிசனில் அல்ல, தென்மேற்கே வெரோனாவில். பூசந்தியில் ஏரி தெரிய வீடு எடுத்துவிட்டு தினமும் சைக்கிளில் போய்வரலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் ஒரு வழிக்குப் பன்னிரண்டு மைல் என்பதைப் பிறகுதான் உணர்கிறார்கள். மே முதல் அக்டோபர் வரை, உடம்பு பழகியவருக்கு ஒரு மணி நேரம், அருமையான வழியும்கூட. நவம்பருக்குப் பிறகு அது வாரத்துக்கு ஒருநாள் வீரம். வெரோனா பக்கம் போகும் மிலிட்டரி ரிட்ஜ் பாதை மாநிலத்தின் பொறுப்பு. நகராட்சிப் பாதை போல அங்கே பனி அள்ளுவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. வெரோனாவுக்கு மேற்கே குளிர்காலத்தில் ஸ்னோமொபைல் என்ற பனிமேல் ஓடும் மோட்டார் வண்டிகளுக்கான பாதையும் அதுதான். வேலை வெரோனா என்றால் வெரோனா, ஃபிட்ச்பர்க், மேடிசனின் தென்மேற்குப் பகுதி ஆகிய இடங்களில் வீடு தேடுவதே புத்திசாலித்தனம். ஏரியை சனிக்கிழமை போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று: மாநிலப் பாதைகளில் ஓட்ட 16 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். ஒருநாளுக்கு 5 டாலர், ஆண்டுக்கு 25 டாலர். கேபிடல் சிட்டி பாதை முழுக்க இலவசம் என்றே பலரும் நினைக்கிறார்கள். நகரத்துக்குள் இலவசம், தெற்கே மாநிலப் பாதையாக மாறும் துண்டுக்குச் சீட்டு உண்டு.

நல்ல சைக்கிளையே குளிரிலும் ஓட்டுவது

இங்கேதான் அதிகப் பணம் வீணாகிறது. சாலையில் கொட்டும் உப்பு செயினையும் பல்சக்கரத்தையும் ஒரே பருவத்தில் தின்றுவிடும். ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய கார்பன் சைக்கிளை நவம்பரில் மாட்டி வைத்துவிட்டு, பழைய இரும்புச் சட்டமும் மட்கார்டும் உள்ள ஒரு வண்டியைக் குளிருக்கென்று வைத்துக்கொள்வது உள்ளூர் வழக்கம். கியர், பின்சக்கரத்தின் அச்சுக்குள்ளேயே அடங்கிய வகையாக இருந்தால் இன்னும் நல்லது, உப்பு உள்ளே போகாது. வாரம் ஒருமுறை செயினைத் துடைத்து, மழைக்கான கெட்டி எண்ணெய் விட வேண்டும்.

புதிதாக வந்தவர்களைத் திகைக்க வைக்கும் கோளாறு ஒன்று உண்டு. மைனஸ் 15-ல் பெடலை மிதித்தால் செயின் சுற்றும், சக்கரம் அசையாது. உடைந்துவிட்டது என்று கடைக்கு எடுத்துப் போனால் அங்கே சூட்டில் சரியாக ஓடும். பின்சக்கர ஃப்ரீவீலுக்குள் சின்ன நாக்குகள் இருக்கின்றன. ஸ்பிரிங் அவற்றைத் தள்ளிப் பல்லில் மாட்ட வைக்கும். டக் டக் என்று கேட்கும் சத்தம் அவற்றுடையதுதான். உள்ளே இருக்கும் கிரீஸ் குளிரில் மெழுகாகிவிட்டால் நாக்கு எழும்பாது, மிதி வீணாகும். பழைய கிரீஸை முழுக்கக் கழுவி எடுத்துவிட்டு இலேசான எண்ணெய் சில சொட்டு விட்டால் போதும். சூடான வீட்டிலிருந்து ஈரத்தோடு வெளியே எடுத்தால் கியர், பிரேக் கேபிளுக்குள் நீர் உறைந்து இறுகுவதும் இதே சங்கதிதான். குளிர்கால வண்டியைச் சூடில்லாத கராஜிலேயே நிறுத்துங்கள்.

மின்சார சைக்கிளின் பேட்டரிக்கு மட்டும் எதிர்விதி. அதைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவர வேண்டும். லித்தியம் பேட்டரியை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்தால் நிரந்தரமாகக் கெட்டுவிடும். குளிரில் அது ஓடும் தூரமும் கணிசமாகக் குறையும்.

ஆணி டயரில் இரண்டு தவறுகள் நடக்கின்றன. முதலாவது, மாட்டிய அன்றே வேகமாக ஓட்டி, சட்டென்று பிரேக் பிடித்து ஆணிகளைத் தெறிக்க விடுவது. முதல் 25 மைலை வெறும் தார்ச்சாலையில் நிதானமாக ஓட்டினால் ஆணிகள் ரப்பரில் உட்கார்ந்துகொள்ளும். இரண்டாவது, காற்றை எப்போதும் முழு அழுத்தத்தில் வைப்பது. நான்கு வரிசை ஆணி உள்ள டயரில் காற்று முழுதாக இருந்தால் சிலவகைகளில் ஓரத்து வரிசைகள் தரையைத் தொடாது. பனிக்கட்டி நாளில் குறைந்தபட்ச அளவுக்கு இறக்க வேண்டும். அந்த அளவு டயர் பக்கவாட்டிலேயே அச்சிட்டிருக்கும்.

கைக்குக் கையுறையைவிட ஹாண்டில்பாரில் மாட்டும் உறை மேல். கிளம்பும்போது கொஞ்சம் குளிர வேண்டும். கதகதப்பாகக் கிளம்பினால் பத்தாவது நிமிடம் வியர்த்து, நின்றதும் அந்த ஈரம் உறையத் தொடங்கும். காற்றோடு சேர்ந்த குளிர் மைனஸ் 28-ஐத் தாண்டினால் மூடாத தோல் அரை மணியில் உறைந்து புண்ணாகும். அன்றைக்குப் பஸ்.

கார் வேண்டவே வேண்டாம் என்று முடிவு கட்டுவது

ஊருக்குள் ஒரு காராகக் குறைக்கலாம். இரண்டு காரோடு வருகிறவர்களுக்கு அதுவே பெரிய சேமிப்பு. ஆனால் மேடிசனுக்குப் பயணிகள் ரயில் கிடையாது. பக்கத்து ஆம்ட்ராக் நிலையம் கொலம்பஸ் என்ற சிற்றூரில் இருக்கிறது. சென்னை விமானத்துக்கு சிகாகோ ஓஹேர் போகப் பஸ் உண்டு, மூன்று மணி நேரம். பியூவாக்கி ஊரில் உள்ள இந்துக் கோயிலுக்கு வெள்ளிக்கிழமை போவதென்றால் ஒரு மணி நேரக் கார் பயணம். செங்குத்துப் பாறைக்குப் பேர்போன டெவில்ஸ் லேக் பூங்காவும் கார் இல்லாமல் எட்டாது.

இருக்கும் ஒரு காரைத் தெருவில் நிறுத்துவதென்றால், பனி அவசரநிலை அறிவித்த இரவுகளில் 1 மணி முதல் 7 மணி வரை ஒற்றைப்படைத் தேதியில் ஒற்றைப்படை எண் வீட்டுப் பக்கமும், இரட்டைப்படையில் மறுபக்கமும் நிறுத்த வேண்டும். விடியும் நாளின் தேதியைத்தான் பார்க்க வேண்டும். இரவு பத்து மணிக்கு நிறுத்துகிறவர்கள் இதில்தான் தவறி அபராதம் கட்டுகிறார்கள். வீட்டு முன் நடைபாதைப் பனியையும், பொழிவு நின்றதற்கு மறுநாள் நண்பகலுக்குள் வீட்டுக்காரர் அள்ளியிருக்க வேண்டும். தனிவீடு வாடகைக்கு எடுத்தால் அது யார் தலையில் என்று ஒப்பந்தத்தில் பாருங்கள்.

ஆகஸ்ட் 15-ஐ மறப்பது

பல்கலைக்கழகத்தைச் சுற்றியுள்ள வீடுகளில் பெரும்பாலான லீஸ் ஆகஸ்ட் 14 நண்பகலில் முடிந்து 15-ல் தொடங்கும். நடுவே ஓர் இரவு சாமானோடு தெருவில் நிற்பவர்கள் ஏராளம். அந்த வாரம் லாரி வாடகையும் கிடைக்காது. நல்ல வீடுகளை அதற்கு முந்தைய குளிர்காலத்திலேயே பிடித்துவிடுவார்கள். ஆகஸ்ட் சுழற்சிக்கு வெளியே வருகிறவர்கள் சற்றுத் தள்ளிய பகுதிகளில் தேடினால் எளிது. சைக்கிள் அறை பூட்டோடு இருக்கிறதா, அதற்குப் படியேறி இறங்க வேண்டுமா, கழுவத் தண்ணீர்க் குழாய் உண்டா என்று கேளுங்கள். காலி செய்த 21 நாளுக்குள் முன்பணம் திரும்ப வேண்டும் என்பது மாநில விதி. நுழையும் அன்றே சுவரையும் தரையையும் படமெடுத்து வைப்பது நல்லது.

தட்டைப் பூமி, சுத்தமான ஏரி என்று நினைப்பது

மிட்வெஸ்ட் என்றாலே தட்டை என்ற எண்ணம் ஊருக்கு மேற்கே போனதும் கலைந்துவிடும். பனியுகத்தில் நிலத்தைத் தேய்த்த பனிப்பாறைகள் தொடாமல் விட்ட பகுதி அது. சிறுசிறு மேடுகள், ஒவ்வொன்றும் தொடையைப் பிடிக்கும். எளிய கியர் இல்லாத வண்டியோடு மவுண்ட் ஹோரெப் பக்கம் கிளம்பாதீர்கள். ஏரிகள் அழகுதான், ஆனால் பால்பண்ணை நிலங்களிலிருந்து எருவின் பாஸ்பரஸ் மழைநீரோடு வந்து சேர்வதால் வெயில் முற்றிய நாள்களில் நீலப்பச்சைப் பாசி படர்ந்து குளிக்கும் கரைகளை மூடுவது உண்டு. நீச்சலுக்காகவே வருகிறவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மே முதல் ஜூலை வரை புல்வெளிப் பாதைகளில் உண்ணி அதிகம். லைம் நோயைப் பரப்பும் குஞ்சு உண்ணி கசகசா அளவே இருக்கும். வீடு திரும்பியதும் முழங்கால் மடிப்பு, இடுப்பு வார், காதுக்குப் பின்புறம், குழந்தைகளின் தலைமுடிக்குள் விரலால் தடவிப் பார்த்துவிட்டுக் குளிக்கப் போங்கள். ஒட்டியிருந்தால் நுனி கூரான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். திருகவோ, எண்ணெய் விடவோ, நெருப்பு காட்டவோ கூடாது.