வீடு முழுக்க வாட்டர் ஃபில்டர்: கடலூர், புதுச்சேரிக்காரர்கள் தேர்ந்தெடுப்பது எப்படி?

குழாய் முனையில் வெள்ளைப் படிவு, பாத்ரூம் டைல்ஸில் துருக்கறை, எவ்வளவு தேய்த்தாலும் நுரைக்காத சோப்பு. ‘மொத்த வீட்டுக்கும் ஒரு ஃபில்டர் போட்டுவிடலாம்’ என்று கடைக்குப் போனால், கடைக்காரர் தன்னிடம் இருப்பதைத்தான் நல்லது என்பார். எல்லாக் கோளாறையும் தீர்க்கும் ஒரே ஃபில்டர் என்று எதுவும் கிடையாது. அதனால் கருவியை அப்புறம் பார்க்கலாம், தண்ணீரிலிருந்து தொடங்குவோம்.

1. தண்ணீரைச் சோதியுங்கள்

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகம் கடலூரிலேயே இருக்கிறது. தனியார் ஆய்வகங்களிலும் கொடுக்கலாம். போர் தண்ணீர் என்றால் மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, போர் குழாயின் வாயிலேயே பிடியுங்கள். மாடி டேங்கில் தேங்கிய தண்ணீர் வேண்டாம். பாட்டிலை அதே தண்ணீரால் இரண்டு மூன்று முறை அலசிக்கொள்ளுங்கள். டி.டி.எஸ். (கரைந்திருக்கும் மொத்த உப்பு), கடினத்தன்மை (கால்சியம், மக்னீசியம்), குளோரைடு, இரும்பு, பி.ஹெச். (அமில-காரத் தன்மை), கலங்கல் இவை போதும். கிருமிச் சோதனை வேண்டுமென்றால் ஆய்வகம் தரும் பாட்டிலில் பிடித்து அன்றே கொடுத்துவிட வேண்டும்.

ஒரு முறைதான் சோதிக்க முடியும் என்றால் மே மாதம் செய்யுங்கள். வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு எடுத்தால் எண்கள் அழகாக வரும், கோடையில் ஏமாற்றும்.

வீட்டுக்கே வந்து ‘இலவச டெஸ்ட்’ செய்பவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு கம்பிகள் உள்ள பெட்டியை டம்ளரில் வைத்து மின்சாரம் விடுவார்கள். உங்கள் தண்ணீர் சேறு போலப் பழுப்பாகும், அவர்கள் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீர் தெளிவாக நிற்கும். அந்தப் பழுப்பு, கம்பியில் இருக்கும் இரும்பு கரைந்து வந்தது. தண்ணீரில் உப்பு இருந்தால் மின்சாரம் பாயும், கம்பி கரையும். ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு மிகக் குறைவு என்பதால் எதுவும் நடப்பதில்லை, அவ்வளவுதான். சில நூறு ரூபாய் டி.டி.எஸ். மீட்டரும் மொத்த உப்பைத்தான் காட்டும். கடினத்தன்மையோ இரும்போ அதில் தனியாகத் தெரியாது.

2. எண்களைப் படியுங்கள்

ஐ.எஸ். 10500 என்ற இந்தியத் தரத்தின்படி, குடிநீரில் லிட்டருக்கு டி.டி.எஸ். 500 மில்லிகிராம், கடினத்தன்மை 200, குளோரைடு 250 வரை இருக்கலாம். வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் முறையே 2000, 600, 1000 வரை அனுமதி. இவை குடிப்பதற்கான அளவுகள். குளிக்கவும் துவைக்கவும் இவ்வளவு கறார் தேவையில்லை.

நம் பக்கத்தில் முதலில் பார்க்க வேண்டியது உப்புக் கரிப்பைத் தரும் குளோரைடு. கடலோரத்தில் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சினால் கடல்நீர் உள்ளே ஏறிவிடும். தேவனாம்பட்டினம், குருசுக்குப்பம் போலக் கடலை ஒட்டி இருப்பவர்கள் இந்த எண்ணைப் பார்க்காமல் ஒரு ரூபாய்கூட அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம். கேப்பர் மலை, ஆரோவில் பக்கத்துச் செம்மண் மேடுகளில் இரும்பைக் கவனியுங்கள். பிடிக்கும்போது தெளிவாக இருந்த தண்ணீர் சில மணி நேரத்தில் செம்பழுப்பாக மாறினால், அது கரைந்த நிலையில் இருக்கும் இரும்பு.

3. எதற்கு எது?

மண், கலங்கல்: மணல் ஃபில்டர் அல்லது பெரிய கார்ட்ரிட்ஜ் (கழற்றி மாற்றும் வடிகட்டி உருளை). 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது போல வெள்ளம் சம்புக்குள் புகுந்தால் இது மட்டும் போதாது. சம்பைக் கழுவி, குளோரின் போட்டாக வேண்டும்.

இரும்பு: காற்றோ வேறு ஆக்சிஜனேற்றப் பொருளோ இரும்பைத் துகளாக்கும், மாங்கனீஸ் டை ஆக்சைடு போன்ற ஊடகம் அதைப் பிடிக்கும். இது, கடினத்தன்மையைப் போக்கும் சாஃப்ட்னருக்கு முன்னால்தான் வர வேண்டும். மாற்றிப் போட்டால் இரும்பு, சாஃப்ட்னருக்குள் இருக்கும் ரெசின் மணிகளில் படிந்து அவற்றைக் கெடுத்துவிடும்.

கடினத்தன்மை: சாஃப்ட்னர். கால்சியம், மக்னீசியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். கீசர் காயில் பிழைக்கும், சோப்பு நுரைக்கும். ஆனால் டி.டி.எஸ். குறையாது, உப்புக் கரிப்பும் போகாது. ‘சாஃப்ட்னர் போட்டும் வாயில் வைக்க முடியவில்லை’ என்ற புலம்பல் இங்கிருந்துதான் வருகிறது.

குளோரின் வாடை, வேறு நாற்றம்: ஆக்டிவேட்டட் கார்பன்.

கடல் உப்பு: ஆர்.ஓ. மட்டுமே. வீடு முழுக்க ஆர்.ஓ. போடுவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். செலவு ஒருபுறம், கழித்துவிடும் தண்ணீர் ஒருபுறம். சமையலறையில் சிறியது ஒன்று வையுங்கள், மற்றதற்குப் பொதுக் குழாய்த் தண்ணீரைச் சம்பில் சேமியுங்கள்.

4. அளவைக் கணக்கிடுங்கள்

ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று வைத்தால், நான்கு பேருக்கு 540 லிட்டர். கடினத்தன்மை 600 என்றால் தினமும் நீக்க வேண்டியது 324 கிராம். ஒரு லிட்டர் ரெசின் ஏறக்குறைய 50 கிராம் பிடிக்கும். 25 லிட்டர் ரெசின் உள்ள சாஃப்ட்னர் 1250 கிராம் பிடித்ததும் நிறைந்துவிடும், அதாவது நான்கு நாள்கூட வராது. ஒவ்வொரு முறையும் அதைக் கழுவிப் புதுப்பிக்க மூன்று நான்கு கிலோ உப்பு தேவை. ‘மாதம் ஒருமுறை உப்பு போட்டால் போதும்’ என்பவரிடம் இந்தக் கணக்கை நீட்டுங்கள், பேச்சு குறையும்.

கழுவிவிடும் உப்புத் தண்ணீரைத் தோட்டத்துப் பக்கம் விடாதீர்கள், மல்லிச்செடி கருகிவிடும். தோட்டத்துக்குச் சாஃப்ட்னருக்கு முன்பிருந்தே தனிக் குழாய் இழுங்கள். உப்பைக் குறைக்கச் சொல்லி டாக்டர் எச்சரித்தவர்கள் சாஃப்ட்னர் தண்ணீரைக் குடிக்க வேண்டாம்.

5. எங்கே பொருத்துவது?

வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்து வாங்கினால் மாட்டிக்கொள்வது இங்கேதான். அங்கே மெயின் குழாயிலேயே அழுத்தம் இருக்கும். நமக்கு மாடி டேங்க். பத்து மீட்டர் உயரத்துக்குத்தான் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம் கிடைக்கும். ஷவருக்கு மூன்று மீட்டர் மேலே டேங்க் இருந்தால் 0.3 கிலோ. ஃபில்டர்களில் பலவற்றுக்கு ஒரு கிலோவாவது வேண்டும். டேங்குக்குக் கீழே மாட்டினால் ஷவரில் சொட்டத்தான் செய்யும்.

அதனால் சம்ப் மோட்டாருக்கும் மாடி டேங்குக்கும் நடுவில் பொருத்துங்கள். மோட்டார் மணிக்கு எத்தனை லிட்டர் தள்ளுகிறது என்று பார்த்து, அந்த வேகத்தைத் தாங்கும் ஃபில்டரைக் கேளுங்கள். டேங்குக்குப் பிறகுதான் வேண்டுமென்றால் பிரஷர் பம்ப் சேர்க்க வேண்டும். காற்றை அழுத்தித் தண்ணீரை மேலே தள்ளும் கம்ப்ரசர் போர் வைத்திருப்பவர்கள் நேராக ஃபில்டருக்குத் தள்ள முடியாது, தண்ணீர் முதலில் சம்பில் விழட்டும். இரும்புத் தண்ணீருக்கு அது நல்லதும்கூட, காற்று பட்டு இரும்பு அங்கேயே கொஞ்சம் படியும்.

6. பிளம்பரிடம் சொல்ல வேண்டியவை

ஃபில்டர் பழுதானாலும் வீட்டுக்குத் தண்ணீர் வரும்படி பைபாஸ் வால்வு வைக்கச் சொல்லுங்கள். ஃபில்டருக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு பிரஷர் கேஜ் வையுங்கள். புதிதாக ஓடும்போது இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சுவரிலேயே எழுதிவையுங்கள். அது அரை கிலோ அளவுக்குக் கூடினால் மணல் ஃபில்டரைப் பேக்வாஷ் செய்யும் (தண்ணீரை எதிர்த்திசையில் விட்டுக் கழுவும்) நேரம். கார்ட்ரிட்ஜ் என்றால் மாற்றும் நேரம்.