வீட்டில் சொல்வதற்கு முன்: திருநங்கையரும் திருநம்பியரும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

‘நான் திருநங்கை’, ‘நான் திருநம்பி’ என்பதைச் சண்டைக்கு நடுவே வீட்டாரிடம் போட்டு உடைப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. பெண் பார்க்கப் போகலாம் என்று அப்பா வற்புறுத்துவார், பேச்சு முற்றும், அடக்கி வைத்தது வாயில் வந்துவிடும். அந்தச் சூட்டில் சொன்னால், திருமணத்தைத் தட்டிக்கழிக்கச் சொன்ன சாக்காகத்தான் அவர் காதில் விழும். உறவினர் கூடியிருக்கும் பொங்கல், தீபாவளியும் வேண்டாம். பெரியப்பாவும் அத்தையும் பார்த்துக்கொண்டிருக்கும்போது, பிள்ளையின் பக்கம் நிற்க நினைக்கும் அம்மாவால்கூட நிற்க முடியாது. முதலில் ஒருவரிடம் மட்டும் சொல்லுங்கள். அவர் அக்காவாக இருக்கலாம், சித்தியாக இருக்கலாம். வீட்டில் யார் சொன்னால் அப்பா காதுகொடுப்பார் என்பது உங்களுக்குத் தெரியும்.

இதைவிட ஆபத்தானது, எந்த ஏற்பாடும் இல்லாமல் சொல்வது. பல வீடுகளில் மதிப்பெண் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார் அட்டை எல்லாம் பீரோவுக்குள் இருக்கும். சாவி அம்மாவின் இடுப்பில். இரவோடு இரவாக வெளியேற்றப்பட்டவர்கள் அந்தத் தாள்கள் இல்லாமல் வேலைக்கும் படிப்புக்கும் திண்டாடுகிறார்கள். நகல்களை நம்பகமான நண்பரிடம் கொடுத்து வையுங்கள். உங்கள் பெயரில் வங்கிக் கணக்கு, கையில் கொஞ்சம் பணம், அவசரத்துக்குத் தங்க ஓர் இடம் இருக்கட்டும். திருநம்பிகளுக்கு இது இன்னும் முக்கியம். பெண்ணாக வளர்க்கப்பட்டவர்கள் என்பதால் செல்போனைப் பறித்து, வீட்டுக்குள் பூட்டி, அவசர அவசரமாக மாப்பிள்ளை பார்ப்பது நடக்கிறது. படிப்பு முடியும் வரை, சம்பளம் கைக்கு வரும் வரை சொல்லாமல் இருந்தால் அது கோழைத்தனம் ஆகாது.

“டாக்டரிடம் காட்டினால் சரியாகிவிடும்” என்று வீட்டார் அழைத்தால், அவர்கள் மனம் நோகக் கூடாது என்று தலையாட்டிவிடாதீர்கள். பாலின அடையாளத்தை ‘மாற்றும்’ சிகிச்சை முயற்சிகளைத் தடுக்கச் சொல்லி நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் உத்தரவிட்டார். மறு ஆண்டு தேசிய மருத்துவ ஆணையமும் அதைத் தொழில் ஒழுக்கக்கேடு என்று அறிவித்தது. வேப்பிலை அடிப்பது, மந்திரிப்பது பற்றிச் சொல்லவே வேண்டாம். மருத்துவரைப் பார்ப்பதானால், உங்களை ஏற்றுக்கொண்டு பெற்றோருக்கு விளக்கிச் சொல்லக்கூடிய மனநல மருத்துவரை நீங்களே முன்கூட்டி விசாரித்து வையுங்கள். 14416 என்ற எண்ணில், அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸில் இலவசமாகப் பேசலாம், பெற்றோரும் பேசலாம்.

ஆதரவு தேடுவதிலும் அவசரம் கூடாது. இணையத்தில் மட்டுமே பழகிய ஒருவரை நம்பி ரயில் ஏறிவிடாதீர்கள். சென்னையில் சகோதரன், ஓரினம் ஆகிய அமைப்புகள் நீண்டகாலமாக இயங்குகின்றன. தமிழ்நாட்டில் திருநங்கைகள் நல வாரியம் 2008 முதல் இருக்கிறது. உங்கள் ஊரில் வேலை பார்த்துக்கொண்டு வாழும் மூத்த திருநங்கை ஒருவரிடம் பேசினால், எந்த அலுவலகத்தில் எந்த மனுவைக் கொடுப்பது என்பது வரை சொல்வார்.

முதல் நாள் அம்மா அழுதது, அப்பா எழுந்து போனது, இவையே அவர்களின் கடைசிப் பதில் என்று முடிவு கட்டுவதும் தவறுதான். நீங்கள் பல ஆண்டுகள் மனத்துக்குள் யோசித்ததை அவர்கள் அன்றுதான் கேட்கிறார்கள். அடி, உதை, அடைத்து வைப்பது என்று போனால் பொறுக்க வேண்டியதில்லை; வீட்டைவிட்டுத் துரத்துவதை 2019-ஆம் ஆண்டுத் திருநர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. வெறும் மௌனம் என்றால், வாரம் ஒருமுறையாவது போன் செய்து சாப்பிட்டீர்களா என்று கேளுங்கள்.