“எனக்குக் கணக்கு ஏலாது” என்னும் பிள்ளைக்கு

மலையகத்தில் தரம் 9, 10 பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுப்பவர்களுக்கான குறிப்பு இது. பிள்ளை தன்னைப் பற்றி என்ன நினைக்கிறாள் என்று தெரியாமல் அதை மாற்றப் புறப்படாதீர்கள்.

கொப்பித் தாள் ஒன்று, 12 நிமிடம். “நான்” என்று தொடங்கும் 20 வரிகளை எழுதச் சொல்லுங்கள். 1954இல் கூன், மெக்பார்ட்லண்ட் என்ற சமூகவியலாளர்கள் கொண்டுவந்த சோதனை இது. பாதியில் பேனா நின்றால் எடுத்துக்கொடுக்க வேண்டாம். நீங்கள் சொன்ன வரி உங்களுடையதாகிவிடும். தாளை உரக்க வாசிக்கவும் கூடாது. சாவைப் பற்றி ஒரு வரி இருந்தாலும் பயிற்சியை நிறுத்துங்கள். தனியே பேசுங்கள், 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தை அழையுங்கள்.

பிறகு வரிகளைப் பிரியுங்கள். “அக்கா”, “தோட்டத்துப் பிள்ளை” என்பவை அவள் இருக்கும் இடத்தைச் சொல்பவை. “மக்கு”, “கணக்கு ஏலாது” என்பவை தீர்ப்புகள். ஒவ்வொரு தீர்ப்பின் பக்கத்திலும் எழுத வேண்டியவை: முதலில் சொன்னது யார்? யாரோடு ஒப்பிட்டு? பெரும்பாலும் சிக்கல் இரண்டாவதில் இருக்கும். தோட்டப் பாடசாலையில் முதலாம் பிள்ளையாக இருந்தவள், ஹட்டன் டவுன் பாடசாலைக்குப் போனதும், அதே அறிவோடு தன்னைக் குறைத்து எழுதலாம். உளவியலாளர் ஹெர்பர்ட் மார்ஷ் 1980களில் விளக்கியது இதைத்தான். இவளிடம் எத்தனையாம் பிள்ளை என்று கேட்கவே கேட்காதீர்கள். அவளுடைய போன தவணைப் பரீட்சைத் தாளையும் இந்தத் தவணைத் தாளையும் பக்கத்தில் வையுங்கள்.

மாற்ற ஒரே ஒரு தீர்ப்பை எடுங்கள். எந்தக் கணக்கு ஏலாது? பின்னம் என்றால் ஒரு நாளைக்கு 5 கணக்கு, அதில் நாலு கணக்காவது சரிவரும் அளவுக்கு, மூன்று வாரம், திகதி போட்டு. தாங்கள் செய்ததைப் பார்த்தும் மனிதர் தங்களை இன்னார் என்று முடிவுகட்டுகிறார்கள் என்றார் உளவியலாளர் டேரில் பெம். விடையை நீங்கள் திருத்திக் கொடுத்தால் “சேர்தான் செஞ்சாரு” என்றே அவள் மனதில் பதியும்.

பாராட்டில்தான் பலரும் சறுக்குகிறோம். தன்மதிப்புக் குறைந்தவர்கள் தங்களைப் புகழும் வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னபோது மனநிலை மேலும் மோசமானதை உளவியலாளர் ஜோஆன் வுட் குழுவின் 2009 ஆய்வு காட்டியது. உள்ளே ஒரு குரல் மறுத்துக்கொண்டே இருக்கும். “நீ கெட்டிக்காரி” வேண்டாம். “பகுதியெண்ண நீயே சமப்படுத்தியிருக்க” என்றால் அவளால் மறுக்க முடியாது, கொப்பியில் இருக்கிறது.

ஆறு வாரம் கழித்துப் புதிய தாள், அதே 12 நிமிடம், பழையதைக் காட்டாமல். “பின்னம் செய்வேன், சமன்பாடு கஷ்டம்” என்று வந்தால் நல்ல மாற்றம். பழைய வரியே வந்தால், கொடுத்த கணக்குகளைப் பற்றிக் கேளுங்கள். “அது லேசு, யாருக்கும் வரும்” என்பாளானால் அடுத்த வாரம் ஒரு படி கடினமாகக் கொடுங்கள்.