மரணசாதன வழக்குச் செலவு: யார் கட்டுவது, எதிலிருந்து கட்டுவது?

அந்தியேட்டி முடிந்த கையோடு காணி, வங்கிக் காசு பற்றிய பேச்சு வரும். மாவட்ட நீதிமன்றத்தில் மரணசாதன வழக்கு, அதாவது இறந்தவரின் சொத்தை நிர்வகித்துப் பிரிக்க அதிகாரம் கேட்கும் வழக்கு, போட வேண்டும் என்றதும், லோயருக்கு யார் கட்டுவது என்று வீட்டில் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். இறந்தவரின் ஆதனமே, அதாவது அவர் விட்டுச் சென்ற சொத்தே, அந்தச் செலவைச் சுமக்க வேண்டும். ஆனால் வழக்குப் போடும் நாளில் அந்த ஆதனத்தில் யாரும் கை வைக்க முடியாது. சிக்கல் முழுவதும் இங்கேதான்.

படி 1: எது வழக்குக்குள் வரும் என்று பிரியுங்கள். கந்தளாய், தம்பலகாமம் பக்கம் பலரிடம் இருப்பது பெர்மிட் காணி, அதாவது அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி. அதன் பின்னுரிமை காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி பிரதேச செயலகம் ஊடாகப் போகும்; மரணசாதன வழக்கு தேவையில்லை. பின்னுரித்தாளர் (தனக்குப் பிறகு காசு யாருக்கு என்று குறித்தவர்) பெயர் கொடுத்த வங்கிக் கணக்கும் பெரும்பாலும் அப்படித்தான். ஆதனத்தின் பெறுமதியைப் பொறுத்தே நீதிமன்ற முத்திரைச் செலவு வரும் என்பதால், இதை முதலில் செய்யுங்கள்.

படி 2: சட்டத்தரணியிடம் கட்டணத்தை வாய்விட்டுக் கேளுங்கள். முழு வழக்குக்கும் ஒரே தொகையா, நீதிமன்றத் தவணை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியா? முத்திரை, பத்திரிகை அறிவித்தல், மதிப்பீட்டு அறிக்கை எல்லாம் அதற்குள்ளா, வெளியேயா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். கேட்பது மரியாதைக் குறைவில்லை. வருமானம் குறைந்தவர்கள் முதலில் சட்ட உதவி ஆணைக்குழுவில் விசாரியுங்கள்.

படி 3: முற்பணம். வழக்குக்குள் வரும் கணக்கிலிருந்து, நீதிமன்றம் கொடுக்கும் நிர்வாகப் பத்திரம் (ஆதனத்தை நிர்வகிக்கும் அதிகாரம்) இல்லாமல் வங்கி காசு விடாது. ஆகவே குடும்பத்தில் ஒருவர் தன் கையிலிருந்து போட வேண்டும். அநேகமாக மூத்த மகளோ, வெளிநாட்டில் இருக்கும் தம்பியோ போடுவார்கள். நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: அன்றைக்கே ஒரு கொப்பி திறந்து திகதி, தொகை, யார் கொடுத்தது, எதற்கு என்று எழுதி, பற்றுச்சீட்டை ஒட்டிவிடுங்கள். மற்றச் சகோதரர்களுக்கும் வட்ஸ்அப்பில் படம் அனுப்புங்கள். பற்றுச்சீட்டு இல்லாத செலவை இறுதிக் கணக்கில் காட்டுவது கஷ்டம். நல்ல மனதோடு காசு போட்டவர்தான் பிறகு ‘கணக்கு எங்கே?’ என்ற கேள்விக்கு ஆளாகிறார். அது என்னால் பொறுக்க முடியாத அநியாயம்.

படி 4: நிர்வாகப் பத்திரம் கிடைத்ததும் ஆதனக் காசைத் தனிக் கணக்கில் போடுங்கள். மரணச் செலவும் வழக்குச் செலவும் முதலில், அப்புறம் கடன்கள், மீதிதான் உரிமைக்காரருக்கு. முற்பணம் போட்டவருக்கு இந்தக் கட்டத்தில் திருப்பிக் கொடுங்கள், பங்கு பிரித்த பிறகு அல்ல.

படி 5: யாராவது ஆட்சேபித்தால், அவர் தனக்காக வைக்கும் சட்டத்தரணியின் கட்டணம் அவருடைய பாடு. தோற்றவர் செலவு கட்ட வேண்டுமா, ஆதனத்திலிருந்து எடுப்பதா என்பதை நீதிபதி தீர்மானிப்பார்.

படி 6: காணியை உரிமைக்காரர் பெயருக்கு மாற்ற நொத்தாரிசு எழுதும் உறுதிக்கும் காணிப் பதிவகப் பதிவுக்கும் வேறாகக் காசு வேண்டும். ஆதனக் கணக்கை மூடும் முன் அதற்கும் ஒதுக்கி வையுங்கள்.